ஒரு கட்டை கீழே

எர்லன்பர்க் கோயிலில் பாட்டையும் ஆர்கனையும் பார்த்துக்கொள்ளும் காண்டர் டொபியாஸ் லோபெக்குக்குக் கண் போய்விட்டது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவர் மனைவி ரெகினா. இன்னொருவன் இளைய மகன் ஜோனாஸ். மூன்றாவதாக ஓர் ஆளுக்குத் தெரிந்தால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும். தவக்காலத்திலிருந்தே ஜோனாஸ் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் திரிந்தான்.

கிழவர் லேசுப்பட்ட ஆளா? ஊரையே ஏமாற்றினார். சந்தையில் எதிரே வருகிறவன் செருமினால் போதும், "என்ன ரொட்டிக்காரரே, சளி இன்னும் விடலையா?" என்பார். கோயில் மாடிப்படி அவர் காலுக்கு மனப்பாடம். ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் தாளை எதிரே வைத்துக்கொள்வார். பக்கம் முடிகிற இடம் வந்ததும் கையை எடுத்து, விரலை எச்சில் தொட்டு, டக்கென்று புரட்டுவார். முந்தியதும் கிடையாது, பிந்தியதும் கிடையாது. மனுஷன் பார்த்துத்தான் வாசிக்கிறார் என்று எவனும் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவான்.

உள்விஷயம் வேறே. வாராவாரம் ஜோனாஸ் முழுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆர்கன் வாசிக்கவேண்டிய கீழ்க்குரலைச் சுரம் சுரமாகப் படிப்பான். முழுத் தாள் என்றால் பாடுகிறவர்கள், வயலின்காரர்கள், எக்காளக்காரர்கள் எல்லாருடைய பாகமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிற தாள். கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு மண்டையில் ஏற்றிக்கொள்வார். கடைசியில், ஆர்கன்காரருக்கென்று தனியாக எழுதிய தாளில் பக்கம் எங்கெங்கே முடிகிறது என்று மட்டும் ஜோனாஸ் சொல்வான். அதையும் மனப்பாடம் பண்ணிக்கொள்வார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது. எங்கள் பக்கத்துக் கோயில் ஆர்கனெல்லாம் ஒரு கட்டை உயரம். வயலினும் குழலும் எந்தச் சுருதியில் நிற்கிறதோ, அதற்கு ஒரு கட்டை மேலேதான் அது பேசும். அத்தனை குழாயையும் யார் வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பது? வாசிக்கிறவன்தான் இறங்கி வரவேண்டும். அதனால் ஆர்கன் தாளை மட்டும் ஒரு கட்டை இறக்கி எழுதுவார்கள். அப்படி வாசித்தால்தான் எல்லாரோடும் ஒட்டும். டொபியாஸுக்கு அந்த உபகாரமெல்லாம் வேண்டாம். முழுத் தாளைப் படித்துக் காட்டினால் போதும், ஒரு கட்டை இறக்குவதைத் தாமே மனசுக்குள் செய்துகொள்வார். நாம் படி இறங்கும்போது யோசிக்கிறோமா, அந்த மாதிரி.

குடியிருந்த வீடு கோயில் வீடு. வேலை போனால் வீடும் போகும். ஆனால் ஊர்ச்சபையில் ஒரு பழைய விதி இருந்தது. காண்டர் வேலையில் இருக்கும்போதே மகன் தேர்வில் ஜெயித்தால், வேலையும் வீடும் மகனுக்கு. அப்பன் ஆத்தாள் ஆயுசுவரை அங்கேயே கிடக்கலாம். வேலை காலி என்று ஆகிவிட்டாலோ, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். சபைத் தலைவர் வுல்ஃபிங்கின் மருமகன் ஒருத்தன் அதற்காகவே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். ஆக, ஜோனாஸ் தேர்வு முடிகிற வரைக்கும் கிழவருக்குக் கண் தெரியவேண்டும். அவ்வளவுதான் விஷயம். சொல்வதற்குச் சுலபம்.

தேர்வு நாள் மிக்கேல் பண்டிகை ஞாயிறு என்று முடிவாயிற்று. ஜோனாஸ் புதுசாக ஒரு பாட்டு அமைத்து, கோயிலில் நடத்திக் காட்டவேண்டும். வுல்ஃபிங் லேசில் விடுகிறவரா? "அப்பன் எழுதிக் குடுத்ததை மகன் தன்னோடதுன்னு கொண்டுவந்தா?" என்று கேட்டு வைத்தார். அதனால் ஜோனாஸ் நகர மண்டபத்து அறையில் உட்கார்ந்து எழுதவேண்டும், ஒத்திகையும் அங்கேயே, கிழவர் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் மட்டும் அவர் வாசிக்கலாம், அவரை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. தீர்ப்பு சொல்லப் பக்கத்து ஊர்க் காண்டர் பிர்க்னர் வருவார், ஆர்கன் பக்கத்திலேயே உட்காருவார்.

போதாததற்கு அண்ணன் எர்ன்ஸ்ட் வந்து இறங்கினான். இளவரசர் அரண்மனையில் வயலின்காரன். அரண்மனை மோஸ்தர்படி தலையெல்லாம் வெள்ளை மாவு, காலில் பட்டுக் காலுறை. தம்பிக்குத் தேர்வு என்று கேள்விப்பட்டு, முதல் வயலின் வாசிக்கவும் தாள்களைப் படியெடுக்கவும் தானாகவே வந்தான். மனசு தங்கம், வாய்தான் ஓட்டை. அப்பாவும் அவனும் ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தால் கூரை பறக்கும்.

"உங்க இளவரசர் சங்கீதம் இருக்கே, வெறும் சர்க்கரைத் தண்ணிடா," என்பார் கிழவர். "மேல ஒருத்தன் கொஞ்சிக்கிட்டே இருக்கான், கீழ இருக்கிறவன் சும்மா லொட்டு லொட்டுன்னு கதவைத் தட்டறான். கதவைத் திறந்தா உள்ள ஒண்ணுமில்லே."

"உங்களோடது மட்டும் என்னப்பா? ஒரு குரல் ஓடுது, அதைத் துரத்திக்கிட்டு இன்னொண்ணு, அதைத் துரத்திக்கிட்டு இன்னொண்ணு. நாய்ச்சண்டை பாத்த மாதிரி இருக்கு. ஜனங்க தூங்கறாங்கப்பா, கோயில்ல!"

"தூங்கட்டுமே. நான் பரலோகத்துல இருக்கிறவருக்கு எழுதறேன். அவரு தூங்கறதில்லே."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அது ஜோனாஸ்தான். அப்பா முன்னால் அப்பா பக்கம் தலையாட்டுவான், அண்ணன் முன்னால் அண்ணன் பக்கம். அவன் எழுதிய பாட்டிலும் இரண்டு பேரும் இருந்தார்கள். முன்பாதி கொஞ்சியது, பின்பாதி துரத்தியது. இது யாருக்காவது பிடிக்குமா, யாருக்குமே பிடிக்காதா என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

கண் விஷயத்தை எர்ன்ஸ்டிடம் சொல்லிவிடலாம் என்று ரெகினா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். கிழவர் பிடிகொடுக்கவில்லை. "அந்த மாவுத்தலையன் அரண்மனைக்குப் போயி, ஐயோ எங்கப்பா பாவம்னு ஊரெல்லாம் சொல்லுவான். எனக்கு எவனோட பாவமும் வேண்டாம்," என்று அடித்துச் சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டில் இருந்தவரை அம்மா அவர் தட்டில் எதை எங்கே வைத்தாள் என்பதைக் கரண்டியால் தட்டிச் சத்தம் காட்டுவாள். எர்ன்ஸ்ட் அதைக் கவனிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்ட நேரம் கிடைத்தது. எர்ன்ஸ்ட் முகம் மழிக்க நாவிதன் கடைக்குப் போயிருந்தான். எந்த நிமிஷமும் வந்துவிடுவான். முழுத் தாளை ஜோனாஸ் தேடினான், காணோம். எக்காளத்துக்குப் படியெடுக்கிறேன் என்று எர்ன்ஸ்ட் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயிருந்தான். அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் மை காய்வதற்காக ஆர்கன் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் எழுத்து, அச்சுப் போல. கீழ்க்குரல்தானே, எந்தத் தாளில் பார்த்தால் என்ன என்று அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"படி, படி. வந்துடப் போறான்," என்றார் கிழவர்.

ஜோனாஸ் சுரமும், அதோடு எந்தெந்தச் சுரம் சேரவேண்டும் என்று மேலே போட்ட எண்ணுமாக மடமடவென்று படித்தான். காது முழுக்க வாசலில்தான். கிழவர் மேஜையில் விரலால் வாசித்துக்கொண்டே வந்தார். துரத்துகிற பாகம் வந்ததும் முகம் மலர்ந்தது.

"பரவால்லடா. உனக்குள்ள கொஞ்சம் என் ரத்தமும் இருக்கு. புரட்டற இடம் சொல்லு."

சொன்னான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தாளைக் கயிற்றில் மாட்டிவிட்டு, அடுப்பை ஊதுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான். அவன் செய்த பிசகு அவனுக்கே தெரியவில்லை.

தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை, கோயில் மாடிப்படியில்.

ஊரே வந்திருந்தது. சபைக்காரர்கள் முன்வரிசையில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கிழவர் மகன் தோளில் கைபோட்டு, பெருமை பிடித்த அப்பன் மாதிரி ஏறினார். உண்மையில் தோள்தான் அவருக்கு வழி. பாதிப் படியில் நின்று, காதோடு காதாகச் சொன்னார்: "பயப்படாதே. ராத்திரியெல்லாம் மனசுக்குள்ள வாசிச்சுப் பாத்துட்டேன். ஒரு கட்டை சுத்தமா இறக்கிட்டேன்."

"என்னத்தை இறக்கினீங்க?"

"என்னடா கேள்வி? எப்பவும் இறக்கறதைத்தான்."

ஜோனாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் படித்தது ஆர்கன் தாள். அது ஏற்கெனவே இறக்கி எழுதினது. கிழவர் முழுத் தாள் என்று நினைத்துக்கொண்டு அதை இன்னொரு தரம் இறக்கியிருக்கிறார். ஒரு கட்டை கீழே ஆர்கன் முழங்கும், அதற்கு மேலே எக்காளமும் வயலினும் வேறு சுருதியில் கத்தும். முதல் அடியிலேயே கோயில் சந்தைக்கடை ஆகிவிடும்.

"அப்பா, நான் படிச்சது…" என்று வாயைத் திறந்தான்.

"காலை வணக்கம், லோபெக்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிர்க்னர். பெரிய தேகம், சின்னக் கண். மூச்சு வாங்க ஏறி வந்து, கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, அப்படியே ஆர்கன் வரைக்கும் கூடவே போய்ப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தாளை எட்டிப் பார்த்து, "அடடா, என்ன கையெழுத்து!" என்றார்.

"பெரியவனோடது," என்றார் கிழவர், தாளைப் பார்க்கிறவர் மாதிரி தலையைக் குனிந்து.

அதற்குமேல் எப்படிச் சொல்வது? பாதிரியார் பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டார். ஊசி விழுந்தால் கேட்கும். அப்பாவின் காதில் போய், தாளில் இருக்கிறபடியே வாசியுங்கள் என்று சொன்னால், பிர்க்னர் கேட்பார். தாள்தான் கண்ணெதிரே இருக்கிறதே, அதில் இருக்கிறபடி வாசிக்காமல் வேறெப்படி வாசிப்பார் என்று நினைப்பார். அந்த ஒரு கேள்வி போதும், குட்டு உடைந்துவிடும். சொல்லாமல் விட்டாலும் செத்தான், சொன்னாலும் செத்தான்.

பிரசங்கம் தேவதூதர்களைப் பற்றி. ஜோனாஸ் காதில் ஒன்றும் ஏறவில்லை. கீழே பெண்கள் வரிசையில் அம்மா நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ சரியில்லை என்று பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது. தலைவலி என்று சொல்லித் தேர்வைத் தள்ளிப்போடலாமா? தள்ளிப்போட்டால் அடுத்த மாதத்துக்குள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். மாடியிலிருந்து விழுந்துவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது. நிஜமாகவே கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்த்தான், கோழை.

எர்ன்ஸ்ட் வயலினைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "ஏண்டா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? நல்லாத்தான்டா எழுதியிருக்கே," என்று கிசுகிசுத்தான். அந்த அன்பு வேறே அவனைக் கொன்றது.

பாதிரியார் ஆமென் சொன்னார்.

எங்கள் வழக்கத்தில் பாட்டுக்கு முன்னால் ஆர்கன்காரர் கொஞ்ச நேரம் தனியாக, மனசுக்குத் தோன்றியபடி வாசிப்பார். அந்தச் சத்தத்துக்கு அடியில் மற்றவர்கள் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். முடிக்கும்போது பாட்டு எந்தச் சுருதியில் தொடங்கப்போகிறதோ அங்கே கொண்டுவந்து நிறுத்துவார். முன்வாசிப்பு என்று பெயர். ஆர்கனுக்குக் காற்றுக் கொடுக்கத் துருத்தி மிதிக்கிறவன் மத்தேஸ் பலகைமேல் ஏறி நின்றான். கிழவர் கையை வைத்தார்.

கம்பீரமாக ஆரம்பித்தார். ஒரு கட்டை கீழே.

ஜோனாஸ் பயந்தது அப்படியே நடந்தது. எர்ன்ஸ்ட் வில்லை இழுத்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். "என்னடா இது? அப்பாவுக்கு என்ன ஆச்சு? தாள் முன்னாடியே இருக்கே!" கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். பிர்க்னரின் தலை திரும்பியது. தாளைப் பார்த்தார். கிழவரின் கையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

ஜோனாஸ் எப்படிச் செய்தானோ, அவனுக்கே தெரியாது. எக்காளக்காரன் ருப்ரெஷ்ட்டின் முழங்கையைப் பிடித்து உலுக்கினான். "ஊது!"

"என்னத்தை ஊத? பாட்டு இன்னும் ஆரம்பிக்கலியே."

"உன் அடிச்சுரத்தை ஊதுய்யா. சுருதி பாக்கற மாதிரி. ஊதித் தொலை!"

"பைத்தியமா புடிச்சிருக்கு? உங்கப்பா என் தலையைத் திருகிடுவாரு."

"ஊதலேன்னா நான் திருகிடுவேன்."

ருப்ரெஷ்ட் ஊதினான். எக்காளத்தை யாரும் கீழே இழுக்க முடியாது, மேலே தூக்கவும் முடியாது. அதன் சுருதி அதுதான். ஆர்கன் ஓரிடத்தில் நிற்க, எக்காளம் ஒரு கட்டை மேலே நின்றது. இரண்டும் மோதியதில் முன்வரிசையில் வுல்ஃபிங் பல் கூசியவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

கிழவரின் முதுகு ஒரு கணம் விறைத்தது.

அப்புறம் கிழவர் செய்ததை எங்கள் ஊரில் இன்றைக்குவரை எவனும் செய்ததில்லை. கையை எடுக்கவில்லை, நிறுத்தவில்லை. அந்த மோதலையே பிடித்துக்கொண்டார், வேண்டுமென்றே செய்ததுபோல. கீழ்க்குரலைக் காலால் ஒரு படி நகர்த்தினார். இருட்டான ஏதோ ஒரு சுருதிக்குள் நுழைந்தார். அங்கேயிருந்து இன்னொன்று, அங்கேயிருந்து இன்னொன்று. கோயிலே கொஞ்சம் தூக்கி வைக்கப்பட்ட மாதிரி இருந்தது. பெரிய வெளிச்சமாக எக்காளத்தின் சுருதியிலேயே வந்து இறங்கி நின்றார். எர்ன்ஸ்ட் வாயைப் பிளந்துகொண்டிருந்தான். சர்க்கரைத் தண்ணி குடித்து வளர்ந்தவன்தான், ஆனால் காது அப்பனுடைய காது. "அடப்பாவி மனுஷா," என்றான், கண் கலங்க.

ஜோனாஸ் கையை உயர்த்தினான். பாட்டு தொடங்கியது.

நன்றாகத்தான் போயிற்று. கொஞ்சுகிற பாகத்தில் முன்வரிசைப் பெண்கள் தலையாட்டினார்கள். வுல்ஃபிங்கின் விரல்கூடத் தொடையில் தாளம் போட்டது. ஜோனாஸுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் கண் அப்பா பக்கம் போயிற்று.

பிர்க்னர் எழுந்து நின்றிருந்தார். கையை நீட்டி, ஆர்கன்மேலிருந்து தாளை மெதுவாக, சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார். கிழவருக்கு எதிரே வெறும் பலகை. கிழவர் வாசித்துக்கொண்டே இருந்தார். பக்கம் முடிகிற இடம் வந்தது. கையை எடுத்தார், விரலை எச்சில் தொட்டார், டக்கென்று காற்றைப் புரட்டினார்.

ஜோனாஸின் கை தாளத்தை மறந்துவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மாத்திரை தள்ளாடினார்கள். எர்ன்ஸ்ட் வில்லால் ஓங்கி அடித்து அவர்களை இழுத்துப் பிடித்தான். அவனும் பார்த்துவிட்டான். முகம் மாவைவிட வெளுத்திருந்தது. தம்பியைப் பார்த்தான்.

விரலுக்குத் தாள் அகப்படவில்லை என்பது கிழவருக்கும் தெரிந்திருக்கும். ஒரு சுரம் பிசகவேண்டுமே? பிசகவில்லை. பின்பாதியில் குரல்கள் ஒன்றையொன்று துரத்தின, அவர் கீழேயிருந்து எல்லாரையும் மேய்த்துக்கொண்டு போனார். பிர்க்னர் தாளைத் திரும்ப வைத்தார். கடைசிப் பக்கத்தை அவரே புரட்டினார்.

முடிந்ததும் பிர்க்னர் அந்தத் தாளை மடித்து ஜோனாஸ் கையில் கொடுத்தார். "உங்க அண்ணன் எழுத்து ரொம்ப அழகு தம்பி. யாராவது படிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்," என்றார் தணிந்த குரலில். படியிறங்கிப் போய்விட்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் ஜோனாஸ்.

பாதிரியார் அறையில் சபை கூடியது. ஜோனாஸைக் கூப்பிட்டார்கள். வுல்ஃபிங் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். பிர்க்னர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

"பாட்டு நல்லா இருந்துது," என்றார் வுல்ஃபிங், கசப்பு மருந்தை விழுங்குகிறவர் மாதிரி. "ஐயா பிர்க்னரும் அப்படித்தான் சொல்றார். வேலை உனக்குத்தான். வீடும் உனக்குத்தான். பெரியவங்க ரெண்டு பேரும் இருந்துக்கலாம்."

ஜோனாஸுக்கு அழுகை வந்துவிட்டது. பிர்க்னர் சொல்லவில்லை! மகராசன் வாயைத் திறக்கவில்லை!

"ஆனா ஒண்ணு. உங்கப்பா இனிமே ஆர்கன் பக்கம் வரக்கூடாது. அந்த முன்வாசிப்பைக் கேட்டியா? எங்க ஆரம்பிச்சாரு, எங்க முடிச்சாரு? இருட்டுல மாடு மாதிரி நாலு பக்கமும் முட்டிக்கிட்டு. எக்காளக்காரன் ஊதித்தான் ஆளுக்கு வழி காட்ட வேண்டியிருந்துது. வயசாச்சு, புத்தி தடுமாறுது. அதை மட்டும் ஒத்துக்கோ, இப்பவே முடிச்சிடலாம்."

"அந்த முன்வாசிப்பு மாதிரி நான் என் ஜென்மத்துல கேட்டதில்லே," என்றார் பிர்க்னர் ஜன்னல் பக்கமிருந்து.

"அதான் நானும் சொல்றேன்!" என்று வுல்ஃபிங் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். பிர்க்னர் சிரிக்கவில்லை. ஜோனாஸைப் பார்த்தார். நீ சொல்லப்போகிறாயா என்பதுதான் அந்தப் பார்வை.

சொல்லியிருக்கலாம். தப்பு என்னுடையது, நான் தப்பான தாளைப் படித்துக் காட்டினேன், அவர் அதை நொடியில் சரிபண்ணினார் என்று. ஏன் படித்துக் காட்டினாய் என்று அடுத்த கேள்வி வரும். வந்தால் வீடு போகும், மருமகன் தொப்பியோடு உள்ளே வருவான். நாக்கு நுனிவரை வந்ததை ஜோனாஸ் விழுங்கினான்.

"ஒத்துக்கறேன்," என்றான்.

வீட்டில் பண்டிகைச் சாப்பாடு. வாத்துக்கறி, மாவுருண்டை, புளிச்ச கோஸ். கிழவர் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்து பீர்க் குவளையைத் தட்டிக்கொண்டிருந்தார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. எர்ன்ஸ்ட் எதிரே, ஒன்றும் பேசாமல். அவன் அமைதியாக இருந்து அந்த வீடு பார்த்ததே இல்லை.

"வேலை கிடைச்சிருச்சு," என்றான் ஜோனாஸ். அம்மா இடுப்பில் கட்டிய சமையல் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அது கிடைக்கும்டா. அதை விடு. முன்வாசிப்பைப் பத்தி என்ன சொன்னாங்க?" கிழவரின் முகம் குழந்தை முகமாக இருந்தது. "எக்காளம் ஊதினப்ப ஒரு நிமிஷம் எனக்கே குலை நடுங்கிருச்சு. அப்புறம் ஏறினேன் பாத்தியா? அந்த மூணாவது திருப்பம்! அதை நானே இதுக்கு முன்னாடி கேட்டதில்லே. பிர்க்னர் என்ன சொன்னான்?"

"இது மாதிரி ஜென்மத்துல கேட்டதில்லேன்னாரு."

"பாத்தியா! சபைக்காரன்?"

பொய் சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த ஞாயிறு வந்தே தீரும். "புத்தி தடுமாறுதுன்னாங்கப்பா. இனிமே நீங்க ஆர்கன்ல உக்காரக்கூடாதாம். அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் வேலைன்னாங்க."

எர்ன்ஸ்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எவன்டா சொன்னான்? நான் போய்க் கேக்கறேன். அந்த மாதிரி வாசிக்க எங்க அரண்மனையிலேயே ஆள் கிடையாது. புத்தி தடுமாறுதாமே!"

"உக்காருடா மாவுத்தலையா," என்றார் கிழவர். சிரிப்பு போய்விட்டது. குவளையை நகர்த்தி வைத்தார். "ஜோனாஸ். எந்தத் தாளைப் பாத்துப் படிச்சே?"

"ஆர்கன் தாளை."

"ம். படியேறும்போதே உன் தோள் நடுங்குச்சு." விரலால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "அதை அவங்ககிட்டச் சொன்னியா?"

"இல்லேப்பா."

"ஒத்துக்க எவ்வளவு நேரம் யோசிச்சே?"

அம்மா அவனுக்காகப் பொய் சொல்ல வாயெடுத்தாள், கிழவர் கையமர்த்தினார்.

"யோசிக்கலப்பா," என்றான் ஜோனாஸ். சொல்லிவிட்டு அழுதான், வளர்ந்த மனுஷன், மேஜையில் தலையை வைத்து.

கிழவருக்கு வலித்தது. முகம் அதை மறைக்கவில்லை. "இத்தனை வருஷத்துல ஊர் கேட்ட ஒரே தப்பு," என்றார் கடைசியில். "அதுவும் என்னோடது இல்லே. சரி, என்னோடதாவே இருக்கட்டும். கிழவனுக்குத் தப்பு இருந்தா வீட்டுக்குக் கூரை இருக்கும். உனக்குத் தப்பு இருந்தா ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லே. அழுகையை நிறுத்து, வாத்து ஆறுது."

அம்மா வழக்கம்போலத் தட்டின் விளிம்பைக் கரண்டியால் தட்டப் போனாள். "அது வேண்டாம் ரெகினா," என்றார். "பெரியவன்தான் பாத்துட்டானே, நான் காத்தைப் புரட்டினதை." எர்ன்ஸ்ட் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். கிழவர் முதல்தடவையாக எல்லார் எதிரிலும் கையை நீட்டி, மேஜையைத் தடவி, தட்டைத் தொட்டார்.

"எது எங்க இருக்கு, சொல்லுடா," என்றார் இளையவனிடம்.

ஜோனாஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். "இடப்பக்கம் கறி. நடுவுல உருண்டை. வலப்பக்கம்…"

"பாத்துச் சொல்லுடா," என்றார் கிழவர். "உங்க அண்ணன் தட்டைப் பாத்துப் படிச்சிடப் போறே."